இடப்பக்கம் ஒன்றரை இஞ்சு

முதல் நாற்காலி வேல்குமாரைக் கீழே தள்ளியது பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலைப் பலகார நேரத்தில். பெரிய சத்தம் எதுவும் எழவில்லை. வலது பின்காலின் துளைக்குள் இருந்த குறுக்குக்கட்டை மெல்ல வெளியே நழுவியது. நாற்காலி ஒருக்களித்தது. அவன் சாய்ந்தபடியே வழிந்து தரைக்கு வந்து சேர்ந்தான். அடுப்படியிலிருந்து அனுப்பிரியா தோசைத் திருப்பியோடு ஓடிவந்தபோது சுவரில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தான். கையோடு வந்துவிட்ட கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“எனக்கொண்ணும் ஆவுல புள்ளே. தோசை கருகுது, அதைப் பாரு.”

அவள் தோசையைப் பார்க்கவில்லை. அவனுடைய வலக்கையைத் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டு, வேட்டிக்கு மேல் கட்டியிருந்த பெல்ட்டைப் பிடித்து, ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணித் தூக்கினாள். பதினான்கு மாதமாக ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு முறை தூக்கிப் பழகியவள்தான். அன்று மட்டும் தூக்கும்போது அவன் கண்களை மூடிக்கொண்டான்.

பக்கவாதம் வந்தபோது வேல்குமாருக்கு வயது நாற்பத்தைந்து. வேலம்பாளையத்தில் வீட்டுக்குப் பின்னாலேயே கொட்டகை போட்டு பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின் நான்கை ஓட்டிக்கொண்டிருந்தவன். மெஷின் ஓடும் சத்தத்தை வைத்தே எந்த ஊசி தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். இடக்கையும் இடக்காலும் போனபிறகு கூட்டாளி தனபால் மெஷின்களைத் தன் இடத்துக்குக் கொண்டுபோனான். கொட்டகை காலியானது.

பிசியோதெரபி எடுத்ததில் நடை ஓரளவு திரும்பிவிட்டது. கைத்தடியோடு வாசல்வரை போய் வருவான். எழுந்திருப்பதுதான் முடியவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியின் கை வளைந்து கொடுத்தது, சோபா உள்ளே இழுத்துக்கொண்டது. கட்டிலின் ஓரத்தில் பிடிக்க எதுவுமில்லை. கால்களில் எழுவதற்கான வலு இருக்கிறது, சரியான உயரமும் சரியான பிடியும் கிடைத்தால் போதும் என்று பிசியோதெரபிக்காரப் பையன் சொன்னான். அதுவரை ஒவ்வொரு தடவையும் “அனு” என்று கூப்பிட வேண்டும்.

கொஞ்ச நாளாக அந்தக் கூப்பிடல் குறைந்துகொண்டே வந்தது. தேறிவருகிறான் என்று முதலில் நினைத்தாள். பிறகுதான் சொம்பைப் பார்த்தாள். காலையில் நிறைத்து வைத்த தண்ணீர் சாயங்காலமும் முக்கால் சொம்பு இருந்தது. பாத்ரூமுக்குப் போக அவளைக் கூப்பிட வேண்டியிருக்கும் என்பதற்காக அவன் தண்ணீர் குடிப்பதை விட்டுக்கொண்டிருந்தான். அது தெரிந்த அன்றுதான் நாற்காலி செய்வதென்று முடிவு செய்தாள். அந்த நாற்காலிதான் இப்போது அவனைக் கீழே தள்ளியிருந்தது.

தவறு எங்கே என்பது அவளுக்கு அப்போதே தெரியும்.

நான்கு வருடத்துக்கு முன்னால், ஆனைகட்டிப் பக்கம் ஒரு பட்டறையில் பத்து நாள் தங்கிப் பச்சை மரத்தில் நாற்காலி செய்யக் கற்றுக்கொண்டு வந்தாள். சும்மா ஓர் ஆசைக்குப் போனதுதான். வெட்டிய மரத்தைக் காயவிடாமல், ஈரத்தோடு ஆப்பு வைத்துப் பிளந்து, நார் போகும் வழியிலேயே சீவுகிற வேலை அது. ஆணி கிடையாது, பசை கிடையாது. குறுக்குக்கட்டைகளை மட்டும் முழுக்கக் காயவைப்பார்கள். கால்களை ஈரமாகவே விட்டுத் துளைபோட்டு, காய்ந்த கட்டையை அதற்குள் அடித்து இறக்குவார்கள். ஈரக்கால் காயக் காயச் சுருங்கும். சுருங்கும்போது உள்ளே இருக்கும் கட்டையை இறுகக் கவ்விக்கொள்ளும். பிறகு ஆளே ஏறி ஆடினாலும் பிரியாது.

இதெல்லாம் அவளுக்குத் தெரியும். கைதான் கேட்கவில்லை. பதினைந்து வருடம் அவள் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியின் துணிச் சோதனை அறையில் இருந்தவள். துணியில் ஐம்பது சென்டிமீட்டருக்குச் சதுரம் குறித்து, மூன்று தடவை துவைத்து, உலர்த்தி, மறுபடி அளப்பாள். ஐந்து சதவீதத்துக்கு மேல் சுருங்கினால் அந்த லாட் திரும்பிப் போகும். சுருங்குவதெல்லாம் காம்பேக்டிங் மெஷினிலேயே முன்பே சுருங்கித் தீர்ந்துவிட வேண்டும், அப்புறம்தான் கத்தரி வைக்க வேண்டும். அவள் அறிந்த உலகத்தின் முதல் விதி அது. ஈரக்காலில் துளைபோட உட்கார்ந்தவள் துளைப்பானைக் கீழே வைத்துவிட்டாள். இதை இப்படியே பூட்டிவிட்டால் நாளைக்கு என்னவாகுமோ? கால்களையும் கொண்டுபோய்ப் பக்கத்து அயர்னிங் யூனிட்டின் பாய்லர் ஓரத்தில் பத்து நாள் காயவைத்துவிட்டாள். எல்லாம் காய்ந்து, எல்லாம் அளவாக, அழகாகப் பூட்டியது. கவ்விப் பிடிக்க எதிலும் சுருக்கம் மிச்சமில்லை.

இதை அவனிடம் சொன்னது இரண்டு நாள் கழித்து.

வேல்குமார் கேட்டுக்கொண்டே இருந்தான். உதட்டின் வலது ஓரம் துடித்தது. திடீரென்று சிரித்துவிட்டான்.

“காம்பேக்டிங் பண்ணிட்டயா?”

“சிரிக்காதீங்.”

“நாற்காலியைக் கொண்டுபோய்க் காம்பேக்டிங் பண்ணிருக்கறா பாரு! டேப்பு வெச்சு அளந்து சீல் அடிச்சயா இல்லையா?”

அவளும் சிரித்தாள். ஆனால் அடுத்த நாற்காலி பற்றிப் பேச்செடுத்ததும் அவன் முகம் மூடிக்கொண்டது.

“வேண்டாம் புள்ளே. ஒருவாட்டி விழுந்தாச்சு. போதும்.”

வலித்ததா என்று அவள் கேட்கவில்லை. வலியைப் பற்றி அவன் பேசவில்லை என்று தெரிந்திருந்தது. கீழே கிடந்தவனைத் தோசைத் திருப்பியோடு வந்து ஒருத்தி மேலிருந்து பார்த்த அந்தப் பார்வையை அவனால் இன்னொரு தடவை தாங்க முடியாது. சொம்பில் தண்ணீர் இன்னும் கொஞ்சம் கூடுதலாக மிஞ்சியது.

ஆனி மாதம் அவளுடைய தம்பி அருள்செல்வன் மடத்துக்குளத்திலிருந்து ஏஸ் சரக்கு வண்டியில் ஒரு பூவரச மரத்துண்டைக் கொண்டுவந்து இறக்கினான். வாய்க்கால் கரையில் முந்தின நாள் வெட்டியது. ஈரச்சாக்கைச் சுற்றியிருந்தான்.

“முடிச்சே இல்லாத துண்டாப் பாத்து எடுத்தேன். ஆனா அக்கா, கடையில தேக்குல ரெடிமேடா விக்கறானே, அதை வாங்கிப் போட்டாத்தான் என்ன?”

“அது எல்லாருக்கும் ஒரே அளவுடா.”

சொன்ன பிறகுதான் அந்தப் பதில் அவளுக்கே புதிதாகப் பட்டது.

நிட்டிங் கொட்டகையில் துண்டை நிறுத்தி, அதன் மேல்முனையில் ஆப்பை வைத்து, கொட்டாப்புளியால் அடித்தாள். ஐந்தாவது அடியில் மரம் படபடவென்று நாரோடு பிரிந்தது. பிளவின் உள்ளே கைவைத்தால் ஈரம் ஒட்டியது. மரத்தைக் கால்மிதியால் கவ்விப் பிடிக்கும் பலகையில் ஏறி உட்கார்ந்து, லாரிப் பட்டை இரும்பில் அடித்து வாங்கிய இருகைப்பிடிக் கத்தியைத் தன் பக்கமாக இழுத்தாள். நாடா நாடாவாகச் சீவல் விழுந்தது. இந்த இழுப்பில் அவளுக்கு ஒரு நிம்மதி இருந்தது. கத்தி நாரைக் கேட்டுத்தான் போகும். நார் வளைந்தால் இவளும் வளைய வேண்டும். சோதனை அறையில் அவள் ஒரு துணியையும் எதுவும் கேட்டதில்லை.

குறுக்குக்கட்டைகளை மட்டும் பாய்லர் ஓரத்துக்குக் கொடுத்தனுப்பினாள். பக்கத்து யூனிட்டில் அயர்ன் பண்ணும் பாண்டியம்மாள் அருப்புக்கோட்டைக்காரி. கட்டைகளை அடுக்கி வைத்துவிட்டு, கொட்டகைக்குள் வந்து எட்டிப் பார்த்தாள்.

“காலு நாலையும் குடுக்கலையாக்கா? போன தடவை குடுத்தீகளே.”

“அது ஈரமாத்தான் இருக்கோணும்.”

“மறுபடி அண்ணனைத் தள்ளிவிடவா? ஒங்களுக்கு அவுக மேல என்னக்கா அம்புட்டுக் கோவம்?”

“வாயை வெச்சுட்டுச் சும்மா இரு பாண்டி.”

அளவெடுக்க வேண்டிய நாள் வந்தது. உட்காரும் உயரம், முழங்கை நிற்கும் உயரம், முன்பக்கம் கை ஊன்றும் இடம். டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவன் முன்னால் மண்டியிட்டாள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவனின் வலது தோளையும் இடது தோளையும் மாறி மாறிப் பார்த்தாள். இடது தோள் தொங்கியிருந்தது. டேப்பை வைத்தாள். ஒன்றரை இஞ்சு வித்தியாசம். அவளையறியாமல் நாக்கு ஒரு சத்தம் செய்தது. டேபிளில் தைத்து வந்த பனியன் பீஸ் ஒன்றை விரித்து, வலது கை நீளமும் இடது கை நீளமும் ஒத்துவராதபோது செய்யும் சத்தம் அது.

வேல்குமார் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டான். கம்பெனிக்கு அவளைக் கூப்பிடப் போன நாட்களில் எத்தனையோ முறை கேட்டது.

“ரிஜெக்ட்டா?”

இல்லையென்று சொல்லியிருக்கலாம், தொட்டிருக்கலாம். ஆனால் அந்த நொடியில் அவள் அவனை உண்மையிலேயே பீஸாகத்தான் பார்த்தாள். இத்தனை மாதமும் அப்படித்தான் பார்த்திருக்கிறாளோ? காலையில் கை எவ்வளவு தூக்குகிறது, நேற்றைக்கு இன்று வாய்க்கோணல் எவ்வளவு குறைந்திருக்கிறது, சோறு சிந்துகிறதா. அன்பு என்று அவள் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி சோதனையாக இருந்தால்?

“டேப்பைக் குடு,” என்றான்.

கொடுத்தாள்.

“என்னைய அளக்காதே. நான் சொல்லறதை எழுது. தூக்கு என்னைய, கொட்டாயிக்குப் போவோம்.”

கொட்டகைக்குள் அவன் வந்து ஒன்றரை வருடமாகியிருந்தது. மெஷின் நின்ற இடங்களில் தரையில் எண்ணெய்க் கறை வட்ட வட்டமாக இருந்தது. அவன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தற்காலிகமாகச் சேர்த்துக் கட்டியிருந்த கால்களையும், அவள் சீவி வைத்திருந்த இரண்டு கைச்சட்டங்களையும் பார்த்தான். இரண்டும் ஒரே அச்சு. ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் ஒளியே புகாது.

“இது ரெண்டும் ஏன் ஒண்ணாட்ட இருக்குது?”

“நாற்காலின்னா…”

“நான் ஒண்ணாட்டவா இருக்கறேன்?”

அவன் பலகையில் உட்கார்ந்து, வலக்கையைக் காற்றில் ஊன்றிப் பார்த்தான். முன்னால் நகர்த்தினான், இன்னும் கொஞ்சம் நகர்த்தினான். மெஷினுக்குச் செட்டிங் வைக்கும்போது செய்வதுபோலக் கண்ணைச் சுருக்கினான்.

“வலதுபக்கச் சட்டம் முன்கால் தாண்டி மூணு இஞ்சு நீட்டிக்கோணும். நுனி உருண்டையா, கை நிறையப் பிடிக்கறாப்பல. நான் உந்தறது அங்கதான். எழுதுனயா?”

“எழுதுனேனுங்.”

“இடதுபக்கம் ஒன்றரை இஞ்சு தாழ்த்து. அகலமா உடு. நடுவுல குழிவு எடுத்துரு. இந்தக் கையி சும்மா அதுல படுத்துக்கட்டும். வழுக்கி வழுக்கி உழுந்தா நான் அதைத்தான் பாத்துட்டு இருப்பேன், எங்கிருந்து எந்திரிக்கறது? அப்பறம், முன்னால கீழே ஒரு குறுக்குக்கட்டை வெச்சயே போனவாட்டி, அது எதுக்கு?”

“வலுவுக்குங்க.”

“எந்திரிக்கோணும்னா குதிகால் பின்னால போகோணும். அது வந்து மறிக்குது. அதை மேல ஏத்திரு.”

அவள் எழுதிக்கொண்டே இருந்தாள். இத்தனை மாதத்தில் அவன் இவ்வளவு பேசி அவள் கேட்கவில்லை. முதல் நாற்காலி செய்தபோது அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று தோன்றியது. கேட்கவே தோன்றாதது எப்படி? சொல்லாமல் கொண்டுவந்து முன்னால் வைத்து, அவன் முகத்தில் சந்தோஷத்தைப் பார்க்க ஆசைப்பட்டிருக்கிறாள். அந்த ஆசையில் அவனைவிட அவள்தான் அதிகம் இருந்தாள்.

அடுத்த பத்து நாளும் அவன் கொட்டகையிலேயே இருந்தான். ஈரம் வற்றுகிறதா என்று பாய்லர் ஓரத்துக் கட்டைகளைத் தினமும் வரவழைத்து எடைபோடுவது அவன் வேலை. எடை குறைவது நின்ற அன்று, “ஆச்சு, இனி எறங்காது” என்று கையைக் காட்டினான். முதுகுச் சட்டங்களை ஒரு குழாய்க்குள் போட்டுப் பாண்டியம்மாள் பாய்லரிலிருந்து நீராவி விட்டாள். சுடச்சுட வெளியே எடுத்ததும் அரை நிமிஷம்தான் கணக்கு, அதற்குள் வளைத்து அச்சில் கட்ட வேண்டும். பாண்டியம்மாளும் அவளும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து வளைக்க, “மெல்ல, மெல்ல, நாரு பிரியுது பாரு” என்று அவன் கத்தினான்.

“அண்ணே, கத்தாதீக. கை வேகுது எங்களுக்கு.”

“உன்ற கை அயர்ன் பாக்ஸுலயே வெந்த கைதானே.”

“பாத்தீகளாக்கா? சீக்காளின்னு பாவம் பாத்தா, முதலாளி வேலை பாக்காரு.”

பூட்டும் நாளன்று ஈரக்காலில் துளைபோட உட்கார்ந்தாள். இந்த முறை துளைப்பானைக் கீழே வைக்கவில்லை. துளையின் ஓரத்தில் ஈரம் மினுங்கியது. இது இனிமேல்தான் சுருங்கும். எவ்வளவு என்று அவளால் எந்தத் தாளிலும் எழுதித் தர முடியாது. வட்டமான துளை காய்ந்தபின் முட்டை வடிவமாகும், கால் லேசாக முறுக்கிக்கொள்ளும், நாற்காலி அவள் விட்ட நிலையில் இருக்காது. தன் கையைவிட்டுப் போனபின் எதுவும் மாறக்கூடாது என்றுதானே இத்தனை காலம் உழைத்தாள்? காய்ந்த கட்டையை வைத்துக் கொட்டாப்புளியை ஓங்கினாள். அடிக்க அடிக்க, கட்டை இறங்கும் இடத்தில் காலின் நார்களுக்குள்ளிருந்து தண்ணீர் முத்துமுத்தாகக் கசிந்தது. கடைசி அடியில் சத்தம் மாறியது. கனமாக, அடைத்துக்கொண்டு.

“உக்காந்துருச்சு,” என்றான் வேல்குமார்.

இருக்கையைப் பருத்தி நாடாவில் பின்னினாள். பனியன் கழிவுத்துணியில் பின்னலாமா என்று கேட்டதற்கு, “ஒரு மாசத்துல தொட்டில் ஆயிரும்” என்றுவிட்டான். முடித்து ஹாலில் கொண்டுவந்து நிறுத்தியபோது அது நாற்காலி மாதிரியே இல்லை. வலக்கை முன்னால் நீண்டு, இடக்கை தாழ்ந்து விரிந்து, முதுகு லேசாக ஒருபக்கம் வளைந்து, யாரோ எழுந்திருக்கத் தொடங்கிப் பாதியில் நின்றாற்போல இருந்தது. அவள் கண் பழக்கத்தில் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டது. ஒத்துவரவில்லை. ஒத்துவராததைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கண்ணை எடுக்க மனம் வரவில்லை.

“இருபது நாள் யாரும் எந்திரிக்கறேன்னு உந்தக்கூடாதுங்க. சும்மா உக்காரலாம். கால் காஞ்சு பிடிக்கட்டும்.”

“சரி.”

உட்கார்ந்தான். இடக்கை அந்தக் குழிவில் போய்ப் படுத்துக்கொண்டது. எழும்போது வழக்கம்போல அவளைக் கூப்பிட்டான். அவள் தூக்கினாள். இப்படியே நாள் ஓடியது. இருபதாம் நாளை அவள் மனதுக்குள் வைத்துக்கொண்டாள். அவன் வலக்கையால் நுனியைப் பற்றி, முன்னால் குனிந்து, உந்தி எழுவதை எத்தனையோ தடவை பார்த்துவிட்டாள். அந்தக் காட்சியில் அவளும் எதிரே நின்றாள், கையை நீட்டியபடி.

பதினெட்டாம் நாள் அவிநாசியில் சித்தப்பா மகள் வீட்டு வளைகாப்பு. ஆடிக்காற்று கண்ணில் மண்ணை அள்ளிப்போட்டுக்கொண்டிருந்தது. பாண்டியம்மாளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனவள், ஒரு மணிக்குத் திரும்பினாள்.

நாற்காலி காலியாக இருந்தது.

கட்டிலில் இல்லை. பாத்ரூம் கதவு திறந்து கிடந்தது. கொட்டகையிலும் இல்லை. “ஏனுங்க… ஏனுங்க…” என்று கூப்பிட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். அப்போது பக்கத்து யூனிட்டிலிருந்து அவன் குரல் கேட்டது.

அயர்ன் டேபிள் ஓரத்தில் கைத்தடியை ஊன்றி நின்றிருந்தான். பாண்டியம்மாள் கையிலிருந்த டீ-சர்ட்டை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, எதையோ காட்டிக்கொண்டிருந்தான்.

“இந்தக் கோடு தெரியுதா? இது ஊசி தேஞ்ச கோடு. நம்ம மெஷின்ல ஓடுன துணிதான். தனபாலுகிட்டச் சொல்லு, மூணாவது மெஷின்தான்னு.”

“யக்கா, வந்துட்டீகளா? வந்து கூட்டிட்டுப் போங்க. அரை மணி நேரமா என்னைய வேலை செய்யவிடலை.”

அனுப்பிரியா மூச்சு வாங்கினாள். “எப்படி எந்திரிச்சீங்க?”

“எப்படி எந்திரிப்பாங்க? எந்திரிச்சேன்.”

“இன்னும் ரெண்டு நாள் இருக்குதேங்க.”

அவன் டீ-சர்ட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “மூணு நாளாச்சு. நீ கடைக்குப் போறப்பெல்லாம்.”

பாண்டியம்மாள் அயர்ன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

“என்னைய ஏனுங்க கூப்பிடலை?”

“நீ பாத்துட்டு நின்னா எனக்கு வராது புள்ளே.”

கோபமாகச் சொல்லவில்லை. மெஷினில் இருக்கும் ஒரு குறையைச் சொல்வதுபோலச் சொன்னான். இத்தனை நாள் உழைப்பு, கைநிறையக் காய்ப்பு, அந்த ஒரு கணத்தைப் பார்ப்பதற்காக. அதை அவன் அவள் இல்லாத நேரமாகப் பார்த்து, மூன்று நாளாகத் திருட்டுத்தனமாகச் செய்து முடித்துவிட்டான். அழ வேண்டும் போலவும், அவன் முதுகில் ஒன்று வைக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டுக்கும் அடியில் இன்னொன்றும் இருந்தது. இனி அவன் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை “அனு” என்று சொல்லப் போவதில்லை. அதற்காகத்தானே செய்தாள்? அப்படியானால் ஏன் கை இரண்டும் எங்கே வைப்பதென்று தெரியாமல் தொங்குகின்றன?

வீட்டுக்குத் திரும்பும்போது படியில் அவனுடைய முழங்கையைப் பிடிக்கப் போனாள். பிடிக்காமல் விட்டாள். அவன் மூன்று படியையும் ஏறினான். நாற்காலிக்கு முதுகைக் காட்டி நின்று, வலக்கையால் நுனியைத் தேடிப் பிடித்து, மெல்ல இறங்கி உட்கார்ந்தான். நாற்காலியின் கால்கள் முனகக்கூட இல்லை.

“சமையலைப் பாருங்… பாரு. பசிக்குது,” என்றான் அவளுடைய மரியாதைப் பேச்சைக் கேலி செய்யும் குரலில்.

அடுப்படிக்குப் போனாள். ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுவே கதவு கிடையாது. திரும்பினால் எல்லாம் தெரியும். கூடையிலிருந்து வெங்காயத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்து நின்றாள்.

கொஞ்ச நேரம் கழித்துப் பின்னால் நாடா இருக்கை நெரியும் ஓசை கேட்டது. எழப் பார்க்கிறான். ஒரு மூச்சு. பிறகு பொத்தென்று திரும்ப உட்காரும் சத்தம். அவள் பாதம் ஒன்று தானாகத் திரும்பியது. மேடையின் ஓரத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். கண்ணைத் திருப்பவில்லை.

மறுபடி நெரியும் ஓசை. இந்த முறை நீளமாக. பிறகு கைத்தடி தரையில் ஊன்றும் சத்தம், ஒன்று, இரண்டு. எந்தப் பக்கம் போகிறது என்று காதைக் கொடுத்துக் கேட்டாள். வாசல் பக்கமா, கொட்டகைப் பக்கமா? பிறகு அதையும் விட்டுவிட்டு வெங்காயத்தை உரிக்கத் தொடங்கினாள்.